எந்தக் கேமரா, எந்த லென்ஸ் வாங்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல் கேமரா வாங்க நினைப்பவர்களும், வாங்கிய பிறகு அடுத்து எந்த லென்ஸ் என்று குழம்புபவர்களும் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சந்தைக்குப் புதிதாக வந்தவற்றின் பட்டியல் இதில் இருக்காது. நீங்கள் எப்படிப் படம் எடுப்பவர் என்பதில் தொடங்கி, அதற்கு எது பொருந்தும் என்று பார்க்கலாம்.

இன்றைக்கு இருப்பதிலேயே நல்ல கேமரா எது?

கேனான், நிக்கான், சோனி, ஃபுஜிஃபிலிம், பானசோனிக் என எந்தப் பெயரை எடுத்தாலும், கடந்த ஐந்தாறு ஆண்டுகளில் வந்த பாடிகளின் (லென்ஸ் தவிர்த்த கேமராவின்) படத் தரத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. அதனால் ஒரு பெயரைச் சொன்னாலும் உங்களுக்குப் பெரிதாகப் பயன்படாது. நான் திருப்பிக் கேட்பது மூன்று விஷயம். எடுக்கும் ஆளிடமிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறீர்கள்? அங்கே வெளிச்சம் எப்படி? எடுத்த படம் கடைசியில் எங்கே போகிறது: போனிலா, ஆல்பத்திலா, சுவரில் மாட்டும் பெரிய பிரிண்டிலா?

மூன்றில் முதலாவதுதான் முக்கியம். சிலருக்கு இரண்டடி தூரத்தில் போய் நின்று, பேச்சுக் கொடுத்தபடியே எடுக்க வரும். சிலர் தெருவுக்கு அந்தப் பக்கம் நின்று, யாருக்கும் தொந்தரவு இல்லாமல் எடுப்பார்கள். இரண்டுமே நல்ல வழிதான், ஆனால் இரண்டுக்கும் ஒரே லென்ஸ் ஒத்துவராது. தூரம் தெரிந்தால் லென்ஸ் தெரியும். லென்ஸ் தெரிந்தால் அதை மாட்ட வேண்டிய பாடி தெரியும். கடையில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது: முதலில் பாடி, அப்புறம் பெட்டியோடு வந்த லென்ஸ், அதற்கும் அப்புறம்தான் என்ன எடுக்கலாம் என்ற யோசனை.

என் பாணி என்னவென்று எனக்கே தெரியவில்லையே?

உங்கள் போனில் பாதி பதில் இருக்கிறது. போனின் மெயின் கேமரா பெரும்பாலும் ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார், அதாவது படத்தைப் பதியும் பெரிய சில்லு உள்ள கேமரா) கணக்கில் 24 முதல் 26 மி.மீ. வரை இருக்கும். மி.மீ. கூடக் கூடப் பார்வை குறுகும். இரண்டு மடங்கு பெரிதாக்கினால் 50 மி.மீ. பக்கம் வரும். கடந்த ஒரு வருடத்தில் எடுத்தவற்றில், லைக் வாங்கியதா இல்லையா என்று பார்க்காமல், உங்களுக்குப் பிடித்த படங்களை மட்டும் தனி ஆல்பமாகப் போடுங்கள். ஒவ்வொன்றையும் எடுத்தபோது எங்கே நின்றீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். பெரிதாக்கி எடுத்தவை அதிகமா, அப்படியே எடுத்தவை அதிகமா? மனிதர்களா, இடங்களா? படத்தில் இருப்பவர் உங்களைப் பார்க்கிறாரா, தன் வேலையைப் பார்க்கிறாரா?

கையில் ஏற்கெனவே, கேமராவோடு சேர்ந்து வரும் 18-55 கிட் லென்ஸ் இருந்தால் இன்னும் எளிது. ஒவ்வொரு படத்தின் விவரத்திலும் எத்தனை மி.மீ.-இல் எடுத்தது என்று பதிவாகியிருக்கும். நல்ல படங்கள் 18 பக்கம் குவிந்திருந்தால், நீங்கள் இடத்தோடு சேர்த்து மனிதரைப் பார்ப்பவர். அகலமான லென்ஸ் உங்களுக்கு உதவும். 30-35 பக்கம் குவிந்திருந்தால் அதே அளவில் ஒரு பிரைம் (ஜூம் இல்லாத, ஒரே மி.மீ. லென்ஸ்) வாங்கிவிடலாம், யோசிக்கவே வேண்டாம்.

55-இல் குவிந்திருந்தால் மட்டும் கொஞ்சம் பொறுங்கள், உடனே 70-300 வாங்க ஓட வேண்டாம். அந்தப் படங்களைத் திறந்து பாருங்கள். மரக்கிளையில் பறவை, எதிர்க்கரையில் வலை இழுப்பவர்கள் என்றால், ஆம், தூரத்தைக் கிட்டே காட்டும் டெலி லென்ஸ்தான் தேவை. ஆனால் எல்லாமே முகங்களாக இருந்தால் இன்னொரு கேள்வி இருக்கிறது. முகத்தை மட்டும் பார்ப்பது உங்களுக்குப் பிடித்திருக்கிறதா, இல்லை கிட்டே போகக் கூச்சமா? பிடித்திருக்கிறது என்றால் 85 மி.மீ. போர்ட்ரெயிட் லென்ஸ் போதும். கூச்சம்தான் காரணம் என்றால் அது பழகப் பழகப் போய்விடும். அதற்காகப் பெரிய லென்ஸ் வாங்கினால் கூச்சம் அப்படியே தங்கிவிடும்.

24, 35, 50, 85 என்கிறார்கள். இந்த எண்களை எப்படிப் புரிந்துகொள்வது?

ஒரு லென்ஸ் எவ்வளவு அகலமாகப் பார்க்கிறது என்பதற்கான எண் அது. ஃபுல் ஃபிரேமில், மூலைக்கு மூலை அளந்தால், 24 மி.மீ. லென்ஸ் 84 டிகிரி பார்க்கும். 35 என்றால் 63, 50 என்றால் 47, 85 என்றால் 28, 200 என்றால் வெறும் 12 டிகிரி.

ஒரு டீக்கடையில் நின்று பார்த்தால் இது சட்டென்று விளங்கும். 24 மி.மீ. லென்ஸோடு மாஸ்டருக்குப் பக்கத்தில், பாய்லரை ஒட்டி நில்லுங்கள். ஆற்றுகிற டீ ஃபிரேமின் மேலிருந்து கீழ்வரை நீளமாக விழும். தூக்கிய கை பெரிதாகவும், பெஞ்சில் பேப்பர் படிப்பவர் சின்னதாகவும் தெரிவார்கள். பிஸ்கட் ஜாடி, வாழைத்தார், மேலே மாட்டிய சாமி படம் என்று கடை முழுவதும் உள்ளே வந்துவிடும். அதே மனிதரை ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்று 135 மி.மீ.-இல் எடுங்கள். முகம், எழும்பும் ஆவி, கையில் டம்ளர், அவ்வளவுதான். பின்னால் இருக்கும் சுவர் அவர் முதுகோடு ஒட்டினாற்போல் நெருங்கி வந்து நிற்கும்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. கை பெரிதாகத் தெரிந்ததும் சுவர் நெருங்கி வந்ததும் லென்ஸ் செய்த வேலை என்று நினைக்கிறோம். அவை நீங்கள் நின்ற தூரத்தால் வந்தவை. ஒருவர் முகத்துக்கு இரண்டடியில் நின்று எடுத்தால் எந்த லென்ஸாக இருந்தாலும் மூக்கு பெருத்துக் காது பின்வாங்கும். ஆறேழு அடி தள்ளி நின்றால் அதே முகம் நமக்குப் பழகிய முகமாக இருக்கும். அந்த இடத்தில் நின்றுகொண்டு எவ்வளவை உள்ளே விடுவது, எவ்வளவை வெட்டுவது என்பதை மட்டுமே லென்ஸ் தீர்மானிக்கிறது. அதனால்தான் தூரத்தை முதலில் கேட்கிறேன்.

கிராப் சென்சார் (ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய சென்சார்) கேமரா என்றால் லென்ஸின் எண்ணை நிக்கான், சோனி, ஃபுஜியில் 1.5-ஆலும், கேனானில் 1.6-ஆலும் பெருக்கிக்கொள்ளுங்கள். இன்னும் சிறிய மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சென்சார் என்றால் 2.

ஃபுல் ஃபிரேம் இல்லாமல் நல்ல படம் எடுக்க முடியாதா?

தாராளமாக முடியும். ஃபுல் ஃபிரேம் சென்சார் 36×24 மி.மீ. ஏபிஎஸ்-சி எனப்படும் கிராப் சென்சார் 23.5×15.6 மி.மீ., கேனானில் இன்னும் கொஞ்சம் சிறியது. பரப்பில் பார்த்தால் சுமார் இரண்டே கால் மடங்கு வித்தியாசம். இருட்டில் அது ஒரு ஸ்டாப்புக்கு (ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு வெளிச்சம்) சற்று அதிகமான லாபம் தரும், பேக்கிரவுண்டும் கூடுதலாக ப்ளர் ஆகும். உண்மையான லாபம்தான், மறுக்கவில்லை.

ஆனால் லென்ஸ் பக்கம் இருக்கும் லாபத்தையும் பாருங்கள். கிட் லென்ஸின் 55 மி.மீ. முனையில் அப்பர்ச்சர் (வெளிச்சம் நுழையும் துவாரம்) எஃப் 5.6 வரைதான் திறக்கும். எஃப் எண் சிறிதானால் திறப்பு பெரிது. எஃப் 1.8 லென்ஸ் அதைவிடக் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஃபுல் ஃபிரேம் பாடிக்கே பணமெல்லாம் போய், அதில் எஃப் 4-7.1 கிட் லென்ஸை மாட்டி மாலை நேரத்தில் எடுப்பவரைவிட, சாதாரணக் கிராப் பாடியில் எஃப் 1.4 பிரைம் வைத்திருப்பவர் நல்ல நிலையில் இருக்கிறார்.

கல்யாணம், மேடை நிகழ்ச்சி என்று தொழிலாக எடுப்பவர்களுக்கு ஃபுல் ஃபிரேம் நியாயமான செலவு. பயணம், குடும்பம், தெரு என்றால் கிராப் போதும், தோளுக்கும் நல்லது.

பட்ஜெட்டில் பாடிக்கு எவ்வளவு, லென்ஸுக்கு எவ்வளவு ஒதுக்கலாம்?

பாதிக்கு மேல் லென்ஸுக்கு. புது மாடல் வந்தவுடன் பாடியின் விலை சரியும், நல்ல லென்ஸ் அடுத்த இரண்டு பாடிக்கும் கூட வரும்.

முதல் பிரைமாக 50 மி.மீ. எஃப் 1.8 வாங்கு என்று எல்லோரும் சொல்கிறார்கள். வாங்கலாமா?

ஃபுல் ஃபிரேமில் என்றால் வாங்குங்கள். பிரெஞ்சு போட்டோகிராஃபர் ஆன்ரி கார்த்தியே-பிரசோன் வாழ்நாளின் பெரும்பகுதி லைகா கேமராவில் 50 மி.மீ. லென்ஸை வைத்தே எடுத்தவர். 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் கடைசி நாட்களைப் படமாக்கியவரும் அவர்தான். மனிதரையும் அவரைச் சுற்றிக் கொஞ்சம் இடத்தையும் ஒன்றாகப் பார்க்க ஏற்ற அளவு அது.

நம்மில் பெரும்பாலோர் கையில் இருப்பது கிராப் பாடி. அதில் அதே 50, 75 அல்லது 80 மி.மீ. போல நடந்துகொள்ளும். மொட்டை மாடியில், பூங்காவில் ஒருவரை நிற்க வைத்து எடுக்க அருமை. பத்துக்குப் பத்து அறையில் குழந்தையின் பிறந்தநாள் என்றால், முதுகு சுவரில் இடித்த பிறகும் கேக்கும் குழந்தையும் சேர்ந்து ஃபிரேமுக்குள் வராது. குடும்பத்தை, தெருவை எடுப்பவர்கள் கிராப் பாடிக்கு 23 முதல் 35 மி.மீ. வரை ஒரு பிரைம் பாருங்கள். நிக்கான் டி.எஸ்.எல்.ஆருக்கு (உள்ளே கண்ணாடி உள்ள பழைய வகை) 35 மி.மீ. எஃப் 1.8 டிஎக்ஸ், நிக்கான் மிரர்லெஸ்ஸின் (கண்ணாடி இல்லாத புதிய வகை) இசட் மவுண்டுக்கு, அதாவது லென்ஸ் மாட்டும் வாய்க்கு, 24 மி.மீ. எஃப் 1.7, கேனான் டி.எஸ்.எல்.ஆருக்கு 24 மி.மீ. எஃப் 2.8, கேனான் மிரர்லெஸ்ஸுக்கு 28 மி.மீ. எஃப் 2.8, சோனிக்கு சிக்மா 30 மி.மீ. எஃப் 1.4 ஆகியவை இந்த வகை. அந்த கேனான் 28 வெறும் 120 கிராம்தான். மாட்டியிருப்பதே தெரியாது.

பிரைம் நல்லதா, ஜூம் நல்லதா?

நீங்கள் நகர முடிகிற இடமா என்று பாருங்கள். தெருவில், வீட்டில், கடற்கரையில் இரண்டடி முன்னே போகலாம், பின்னே வரலாம். அங்கே பிரைம் கையை எளிதாக்கும், வெளிச்சமும் தரும். கொஞ்ச நாள் ஒரே பிரைமில் எடுத்தால், கேமராவைத் தூக்கும் முன்பே ஃபிரேம் எங்கே முடியும் என்று கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். அதை ஜூமில் பழகுவது கடினம்.

அலங்காநல்லூர், பாலமேடு ஜல்லிக்கட்டில் தடுப்புக்கு இந்தப் பக்கம் கிடைத்த இடம்தான் உங்கள் இடம், அங்கிருந்து அசைய வழியில்லை. வாடிவாசலில் காளை பாய்ந்து வருவதும், திமிலைப் பிடித்தவர் ஆடிச் சுழல்வதும், கை நழுவுவதும் சில நொடிகளில் முடிந்துவிடும். முதலில் தூரத்தில் இருந்த காளை அடுத்த நொடி தடுப்போரம் வந்து நிற்கும். 70-200 அல்லது 100-400 ஜூம் இல்லாமல் அங்கே வேலை நடக்காது. மண்ணும் நார்த்தூளும் பறக்கிற இடத்தில் லென்ஸைக் கழற்றி மாட்டவும் கூடாது. சென்சாரில் தூசி உட்கார்ந்தால் அன்றைய படம் அத்தனையிலும் வானத்தில் புள்ளி இருக்கும். தேர்த் திருவிழாவுக்கும் இதே யோசனைதான், வடம் பிடிக்கும் கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டால் 24-105 போன்ற ஒரே ஜூம் காப்பாற்றும்.

கல்யாணப் போட்டோகிராஃபி ஆரம்பிக்கிறேன். என்னென்ன வேண்டும்?

முதலில் ஒரு நல்ல போட்டோகிராஃபரோடு உதவியாளராகச் சில முகூர்த்தங்களுக்குப் போய் வாருங்கள். எந்த லென்ஸ் வேண்டும் என்று மணமேடையே சொல்லிக்கொடுக்கும்.

தாலி கட்டும் நேரத்தை எடுத்துக்கொள்வோம். ‘கெட்டிமேளம், கெட்டிமேளம்’ என்று குரல் எழுந்ததும் மண்டபமே எழுந்து நிற்கும். மேடையில் இருக்கும் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் முன்னால் சாய்வார்கள். முதல் முடிச்சு போட மாப்பிள்ளையின் கை பெண்ணின் கழுத்துக்குப் பின்னால் போகும், மீதி முடிச்சுக்கு நாத்தனார் பின்னாலிருந்து குனிவார். ஹோமப் புகை, வீடியோ லைட், அதற்கு நடுவில் நாலா பக்கமிருந்தும் அட்சதை. கீழே ஹாலில் 70-200 வைத்துக்கொண்டு நிற்பவருக்குக் கிடைப்பது பெரியப்பாக்களின் முதுகு மட்டுமே. மேடையில், நாலடி தூரத்தில், 24-70 எஃப் 2.8 அல்லது 35 மி.மீ. பிரைமோடு நிற்பவருக்குத்தான் கையும் முடிச்சும் பெண்ணின் முகமும் ஒரே ஃபிரேமில் கிடைக்கும். பறக்கும் அரிசியில் ஃபோகஸ் போய் ஒட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. முகத்தையும் கண்ணையும் பிடித்துக்கொள்ளும் ஃபோகஸ் உள்ள பாடி இங்கேதான் தன் விலைக்கு வேலை செய்கிறது. கை அசைவு கலையாமல் இருக்க ஷட்டர் 1/200 நொடியைவிட மெதுவாகப் போக வேண்டாம்.

70-200 வேண்டாம் என்று சொல்லவில்லை. ஊஞ்சல், மாலை மாற்றுதல், கூட்டத்தில் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அம்மா ஆகியவற்றுக்கு அதுதான் சரி. ஆனால் முதலில் வாங்க வேண்டியது 24-70. அடுத்து 85 மி.மீ. எஃப் 1.8, பெண்ணை ஜன்னலோரம் நிறுத்தி எடுக்கும் அந்தப் பத்து நிமிடத்துக்காக. அதற்கப்புறம் 70-200.

பாடியில் இரண்டு கார்டு ஸ்லாட் கண்டிப்பாக வேண்டும். ஒரு கார்டு செத்துப்போனால், தாலியை மறுபடி கட்டச் சொல்ல முடியாது. இரண்டாவது பாடியும் தேவை, பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. ஃப்ளாஷை மேலே திருப்பி பவுன்ஸ் செய்வது வீட்டில் நன்றாக வரும், பல மண்டபங்களில் கூரை மிக உயரம் அல்லது இருண்ட நிறம், வெளிச்சம் திரும்பி வராது. ஃப்ளாஷை கேமராவிலிருந்து கழற்றி ஸ்டாண்டில் வைக்க, தள்ளியிருந்தே அதை இயக்கும் ஒரு ட்ரிக்கரும் பட்டியலில் சேரட்டும்.

நாட்டியம், கச்சேரி போன்ற மேடை நிகழ்ச்சிகளுக்கு?

முதலில் சபாவிடமும் கலைஞரிடமும் அனுமதி. அடுத்து, எந்த வரிசையில் உட்காரப் போகிறீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். முன்வரிசை கிடைத்தால் 85 மி.மீ. எஃப் 1.8 போதும், செலவும் குறைவு. நடுவில் என்றால் 70-200 எஃப் 2.8.

அபிநயத்தில் முகம் நிலைத்து நிற்கும் கணத்துக்கு 1/200 போதும். ஜதிக்குக் கால் தூக்கிக் குதித்தால் 1/500 வேண்டும். லென்ஸிலும் பாடியிலும் உள்ள ஸ்டெபிலைசேஷன் உங்கள் கை நடுக்கத்தை மட்டுமே சரிசெய்யும், ஆடுபவரின் வேகத்தை அது நிறுத்தாது. இதை நம்பி எஃப் 4 லென்ஸும் 1/60 ஷட்டருமாக எடுத்து, படம் கலங்கிவிட்டது என்று வருந்துபவர்கள் நிறைய.

வயலின் ஆலாபனையின் நடுவே ‘டக் டக்’ என்று சத்தம் வரக்கூடாது என்பதால் சைலண்ட் ஷட்டர் தேவைப்படும். அதில் ஒரு சிக்கல்: எல்.இ.டி. விளக்குக்குக் கீழே படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழலாம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மின் இணைப்போடு சேர்ந்து மினுங்கும் விளக்குகளுக்கு 1/50 அல்லது 1/100 ஷட்டர் சரிப்படும். அதற்கும் கோடு போகவில்லை என்றால், மிருதங்கம் ஓங்கி ஒலிக்கும்போது மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி எடுத்துக்கொள்ளுங்கள்.

பறவைகளுக்கு எத்தனை மி.மீ. வேண்டும்?

எந்த இடத்துக்குப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வேடந்தாங்கலில் நவம்பர் முதல் மார்ச் வரை பறவைகள் நிறைந்திருக்கும், ஆனால் நீங்கள் கரையில் நிற்பீர்கள், அவை ஏரிக்குள் நிற்கும் மரங்களில் இருக்கும். 400-இல் கூட்டம் கிடைக்கும், தனிப் பறவை வேண்டுமென்றால் 600. திருநெல்வேலி பக்கம் கூந்தன்குளத்தில் கதையே வேறு. மஞ்சள் மூக்கு நாரைகள் ஊருக்குள்ளே, வீட்டு வாசல் மரங்களில் கூடு கட்டும். அங்கே 70-300 கூட நல்ல படம் தரும். பெரிய லென்ஸ் இல்லையே என்று ஏங்குபவர்கள் முதலில் அங்கே போய் வரலாம்.

சிக்மா, டாம்ரான் 150-600, சோனி 200-600, நிக்கான் 180-600 எல்லாம் இரண்டு கிலோ அளவில் இருக்கும். ஒரு மணி நேரம் கையில் தூக்கி வைத்திருக்க முடியுமா என்று வாங்கும் முன் பாருங்கள். முடியாதென்றால் கேனான் 100-400 எஃப் 5.6-8 வெறும் 635 கிராம், வெளிச்சம் குறைவாக விடும் என்ற குறையோடு. பறவைக்குக் கிராப் பாடி உண்மையிலேயே நல்ல தேர்வு. 400 மி.மீ. அங்கே 600 போல வேலை செய்யும். பறக்கும்போது எடுக்க 1/1600-க்கு மேல் ஷட்டர் வேண்டும், அதனால் காலை எட்டு மணி வெயில் எந்த லென்ஸையும்விட முக்கியம்.

எடுப்பதைவிடப் பார்ப்பதிலும் அடையாளம் காண்பதிலும் ஆசை அதிகம் என்றால், நிக்கான் பி1000 போன்ற பிரிட்ஜ் கேமராவை (லென்ஸை மாற்ற முடியாத, பெரிய ஜூம் உள்ள கேமரா) தயங்காமல் பாருங்கள். 3000 மி.மீ.-க்குச் சமமான ஜூம் இருக்கிறது. சென்சார் மிகச் சிறியது, வெளிச்சம் குறைந்தால் படம் குழையும். ஆனால் தூரத்து வாத்தின் அலகு நிறம் தெரிய அது போதும்.

ஒரு வேண்டுகோள்: எந்த லென்ஸ் இருந்தாலும் கூட்டுக்கு மிக அருகே போக வேண்டாம். தாய்ப்பறவை எழுந்து போனால் குஞ்சு வெயிலில் வாடும்.

கோவில், பழைய கட்டடங்கள் எடுக்க?

பிரகாரம், தூண் வரிசைக்கு 16 மி.மீ. அளவு, கிராப்பில் 10 அல்லது 11. கோபுரத்தை அடியில் நின்று அண்ணாந்து எடுத்தால் பின்பக்கம் சாய்வதுபோல் வரும். தள்ளி நின்று 35-இல் எடுத்தால் நேராக நிற்கும். தஞ்சைப் பெரிய கோவிலில் முற்றம் விசாலமானது, அங்கே இதற்குத் தாராளமாக இடம் உண்டு. பல கோவில்களில் டிரைபாட் அனுமதி இல்லை. இங்கே பாடி ஸ்டெபிலைசேஷன் கை கொடுக்கும், கல் தூண் அசையாது என்பதால் 1/8 நொடியிலும் தெளிவாக எடுக்கலாம். கருவறைப் பக்கம் கேமராவைப் பைக்குள் வைத்துவிடுங்கள்.

ஸ்ட்ரீட் போட்டோகிராஃபிக்குச் சின்னக் கேமராதான் வேண்டுமா?

வேண்டும் என்பேன். காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலத்தில் பெரிய லென்ஸைத் தூக்கினால், கூடை தூக்கும் அக்கா முதற்கொண்டு எல்லோரும் ஒரு நொடி நின்று பார்ப்பார்கள். ‘எந்த டிவி?’ என்று கேள்வி வரும். கைக்குள் அடங்கும் கேமராவுக்கு அந்த இறுக்கம் வராது. ரிக்கோ ஜிஆர் 28 மி.மீ. பார்வை, சட்டைப் பைக்குள்ளேயே போகும். ஃபுஜி எக்ஸ்100 வரிசை 35 மி.மீ. பார்வை. இரண்டிலும் லென்ஸை மாற்ற முடியாது, இந்த வேலைக்கு அது குறையே இல்லை. விலை அதிகம் என்று தோன்றினால், பழைய கிராப் மிரர்லெஸ் பாடியும் ஒரு தட்டையான பிரைமும் அதே வேலையைச் செய்யும்.

ஒரு பழைய வழி இன்றைக்கும் பயன்படும். கிராப் பாடியில் 18 மி.மீ. லென்ஸை எஃப் 8-இல் வைத்து, ஃபோகஸை 2 மீட்டரில் நிறுத்திவிடுங்கள். ஏறக்குறைய 1 மீட்டரிலிருந்து தெருமுனை வரை தெளிவாக விழும். அப்புறம் ஃபோகஸைப் பற்றி நினைக்கவே வேண்டாம், மனிதர்களைப் பார்க்கலாம். யாராவது வேண்டாம் என்று கையைக் காட்டினால் அதோடு விட்டுவிடுங்கள். எடுத்திருந்தால் அவர் எதிரிலேயே அழித்துவிடுங்கள்.

செகண்ட் ஹேண்ட் டி.எஸ்.எல்.ஆர். இப்போது வாங்கலாமா?

படிக்கிறவர்களுக்கும் பட்ஜெட் குறைந்தவர்களுக்கும் நல்ல வாய்ப்பு. எல்லோரும் மிரர்லெஸ்ஸுக்குப் போவதால் நல்ல லென்ஸ்கள் மலிவாக வெளியே வருகின்றன. புது லென்ஸ்களை கேனானும் நிக்கானும் மிரர்லெஸ்ஸுக்குத்தான் செய்கிறார்கள் என்பதை மட்டும் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

லென்ஸைச் சோதிக்க ஒரு டார்ச் கொண்டுபோங்கள். பின்பக்கமிருந்து வெளிச்சம் அடித்து முன்பக்கம் பார்த்தால், ஃபங்கஸ் இருந்தால் ஒட்டடை இழை போலத் தெரியும். இருந்தால் வேண்டாம், எவ்வளவு விலை குறைத்தாலும். அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெய்ப் பசை இருக்கிறதா, ஜூம் வளையம் எங்காவது இடறுகிறதா, ஃபோகஸ் கிட்டேயும் தூரத்திலும் பிடிக்கிறதா என்று பாருங்கள். பாடியில் ஷட்டர் கவுண்ட் (இதுவரை எத்தனை முறை ஷட்டர் இயங்கியது) கேளுங்கள். எஃப் 16-இல் வெள்ளைச் சுவரை எடுத்துப் பெரிதாக்கினால் சென்சார் தூசி தெரியும்.

நிக்கானில் ஒன்றைக் கவனியுங்கள். டி3000, டி5000 வரிசைப் பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. பழைய ஏஎஃப்-டி லென்ஸ்கள் மாட்டும், ஆனால் ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும். ஏஎஃப்-எஸ் என்று எழுதிய லென்ஸ்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

எந்த மவுண்டுக்குள் போவது என்று எப்படி முடிவு செய்வது?

உங்களுக்கு வேண்டிய இரண்டு லென்ஸ்களை முதலில் எழுதுங்கள். அவை எந்த மவுண்டில் உங்கள் விலைக்குள் கிடைக்கின்றனவோ, அதுதான் உங்கள் மவுண்ட். மற்ற கம்பெனிகள் செய்யும் மலிவான நல்ல லென்ஸ்கள் சோனி இ மவுண்டுக்கு மிக அதிகம். கேனான் மிரர்லெஸ்ஸின் ஆர்எஃப் மவுண்டில் உள்ள கிராப் பாடிகளுக்கு 2024 முதல் சிக்மா, டாம்ரான் லென்ஸ்கள் வர ஆரம்பித்திருக்கின்றன. கேனான் டி.எஸ்.எல்.ஆருக்கான பழைய இஎஃப் லென்ஸ்கள் அடாப்டர் போட்டால் ஆர்எஃப் பாடிகளில் நன்றாக வேலை செய்யும். நண்பர்கள் எந்த மவுண்ட் வைத்திருக்கிறார்கள் என்பதும் பெரிய காரணம்தான், லென்ஸை மாற்றி மாற்றி எடுத்துக்கொள்ளலாம். கடைசியாக, கடையில் கையில் பிடித்துப் பாருங்கள். சுண்டு விரல் கீழே தொங்கினால் ஒரு நாள் முழுக்கப் பிடிக்க முடியாது.

வீடியோவும் எடுப்பேன் என்றால்?

திரும்பும் ஸ்கிரீன், மைக் ஜாக், பாடி ஸ்டெபிலைசேஷன் மூன்றும் பாருங்கள். சில பாடிகளில் 4கே எடுக்கும்போது ஃபிரேம் இன்னும் சுருங்கும், அப்போது இன்னும் அகலமான லென்ஸ் தேவைப்படும். சித்திரை வெயிலில் தொடர்ந்து ஓடினால் சில பாடிகள் சூடாகி நின்றுவிடும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாங்கும் முன் வாடகைக்கு எடுத்துப் பார்ப்பது நல்லதா?

மிகவும் நல்லது. பெரிய ஊர்களில் எல்லாம் கேமரா வாடகைக் கடைகள் இருக்கின்றன. எடுக்கும்போதே லென்ஸின் நிலையைப் போனில் வீடியோ எடுத்துவிடுங்கள், திருப்பிக் கொடுக்கும்போது வாக்குவாதம் வராது. வாடகைக்கு எடுத்த நாளில் புதிய இடத்துக்குப் போக வேண்டாம். வழக்கமாக எடுக்கும் இடத்துக்கே போங்கள், அங்கேதான் புது லென்ஸ் என்ன மாற்றம் தருகிறது என்று தெரியும்.

ஃபங்கஸ் வராமல் எப்படிப் பாதுகாப்பது?

கடற்கரை ஊர்க்காரர்கள் லென்ஸ் வாங்கும்போதே இதற்கும் பணம் ஒதுக்க வேண்டும். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. டிரை கேபினட் வாங்க முடிந்தால் வாங்குங்கள். இல்லையென்றால், ரப்பர் விளிம்போடு இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா, நிறம் மாறும் சிலிக்கா ஜெல், உள்ளே வைக்க ஒரு சின்ன ஈரப்பத மீட்டர் போதும். ஜெல் நிறம் மாறியதும் சூடாக்கிக் காயவைத்து மறுபடி போடலாம். லென்ஸோடு வந்த தோல் பையிலேயே வைத்து பீரோவில் பூட்டுவதுதான் மிக மோசம், அந்தப் பையே ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஏ.சி. அறையிலிருந்து வெளியே வந்தவுடன் லென்ஸில் ஆவி படிந்தால் துடைக்காதீர்கள். கேமராவைப் பைக்குள்ளேயே கால் மணி நேரம் விட்டு, வெளிச் சூட்டுக்குப் பழகிய பின் எடுங்கள். மழையில் நனைந்து வந்தால் காய்ந்த துணியால் ஒற்றி எடுத்து, ஃபேன் காற்றில் வைத்துவிட்டு, நன்றாகக் காய்ந்த பிறகே டப்பாவுக்குள் வையுங்கள்.